டிகோடர் இன்ஜினும் பழைய டிசி கன்ட்ரோலரும்: கேள்வி பதில்

டிஜிட்டல் டிகோடர் பொருத்திய மாடல் இன்ஜினைப் பழைய அனலாக் லேஅவுட்டில் ஓட்டுவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். டிகோடர் என்பது தண்டவாளம் வழியாக வரும் டிஜிட்டல் கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்கும் சின்னச் சர்க்யூட். அனலாக் என்பது கன்ட்ரோலரின் குமிழைத் திருப்பி, தண்டவாளத்தில் போகும் டிசி மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டும் பழைய முறை.

சார், புது இன்ஜின். குமிழைப் பாதி திருப்பும் வரை அசையவே மாட்டேன் என்கிறது, அப்புறம் திடீரென்று பாய்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. சாதாரண இன்ஜினில் தண்டவாளத்து மின்சாரம் நேராக மோட்டாருக்குப் போகிறது. ஓரிரண்டு வோல்ட்டிலேயே ஊர ஆரம்பித்துவிடும். டிகோடர் இருந்தால் முதல் பங்கு அதற்கு. சுமார் 5, 6 வோல்ட் வரும்வரை அது விழிக்காது. விழித்ததும் தண்டவாளத்தில் டிஜிட்டல் கட்டளை வருகிறதா என்று பார்க்கும். வரவில்லை, வெறும் டிசிதான் என்று தெரிந்த பிறகே மோட்டாருக்கு வழி விடும். சத்தமும் உள்ள டிகோடருக்கு இன்னும் ஒன்றிரண்டு வோல்ட் கூடுதலாக வேண்டும்.

மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் தண்டவாளத்தில் வைத்துக்கொண்டு குமிழை மெல்லத் திருப்பிப் பாருங்கள். என்னிடம் உள்ள ஒரு டீசலுக்கு 5.8-இல் விளக்கு எரிகிறது, 6.5-இல் சக்கரம் நகர்கிறது. அந்த இடத்தில் கன்ட்ரோலரின் முகப்பில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கோடு வரை திருப்பு, விளக்கு எரியட்டும், இரண்டு நொடி பொறு, பிறகு மயிரிழை மயிரிழையாகக் கூட்டு. அவசரப்பட்டு முறுக்கினால் பாயத்தான் செய்யும்.

என்னுடையது 12 வோல்ட் கொடுத்தும் பிணம் மாதிரி கிடக்கிறது. விளக்குகூட எரியவில்லை. பழையதாக வாங்கியது.

பழையதாக வாங்கியது என்றதுமே எனக்குச் சந்தேகம் சிவி 29 மேல்தான். சிவி என்பது டிகோடருக்குள் எண்ணாக எழுதி வைக்கும் அமைப்பு. அனலாக்கில் ஓட அனுமதி அதற்குள் இருக்கிறது. அந்த அனுமதியின் மதிப்பு 4. பெரும்பாலும் 6 என்று இருந்தால் ஓடும், 2 என்று இருந்தால் ஓடாது. நீண்ட முகவரி (டிஜிட்டலில் இன்ஜினை அழைக்கும் எண்) போட்ட இன்ஜினில் அதுவே 38, 34. முதலில் இருக்கும் எண்ணைப் படியுங்கள், 4 குறைந்தால் மட்டும் கூட்டுங்கள். படிக்காமல் 6-உடன் இன்னொரு 4 கூட்டினால் 10 ஆகிவிடும். அப்போது அனலாக் மூடிக்கொண்டு, ரெயில்காம் என்ற சம்பந்தமில்லாத வசதி திறந்துகொள்ளும். டிசி கன்ட்ரோலரால் இதை எழுத முடியாது. டிஜிட்டல் வைத்திருக்கும் நண்பரிடம் எடுத்துப்போனால் இரண்டு நிமிட வேலை.

முன்பு வைத்திருந்தவர் வேண்டுமென்றே மூடியிருப்பார், அவர் மேல் தப்பில்லை. டிஜிட்டல் லேஅவுட்டில் அனலாக் திறந்திருந்தால், ஒரு கணம் சிக்னல் குழம்பினாலும் டிகோடர் அதை டிசி என்று நினைத்து முழு வேகத்தில் பறக்கும்.

எந்தக் கன்ட்ரோலர் ஆகும், எது ஆகாது?

அலையில்லாமல் சீரான டிசி தருவது எதுவானாலும் ஆகும். மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பும் கன்ட்ரோலர் வேண்டாம்; டிகோடர் அந்தத் துடிப்பைப் பார்த்துக் குழம்பி இன்ஜினை உதற வைக்கும். ஃபீட்பேக் கன்ட்ரோலர் அதைவிட மோசம். துடிப்புகளுக்கு நடுவே மோட்டார் திருப்பித் தரும் மின்னழுத்தத்தை அளந்துதான் அது வேகத்தைச் சரிசெய்கிறது. நடுவில் டிகோடர் உட்கார்ந்திருக்கும்போது அது எதை அளக்கும்?

ஆனால் உண்மையான கொலைகாரன் வேறு: உயர் அதிர்வெண்ணில் தண்டவாளத்தைச் சுத்தம் செய்யும் மின்னணுப் பெட்டி. லேஅவுட்டுக்கு அடியில் பல வருடமாக ஒன்று இணைத்து வைத்திருந்ததையே மறந்துவிட்டு, நான் ஒரு டிகோடரைப் பலி கொடுத்தேன். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. உங்கள் லேஅவுட் பழையது என்றால் முதலில் குனிந்து அடியில் பாருங்கள்.

மார்க்லின் கம்பெனியின் மூன்று தண்டவாள ஏசி லேஅவுட், அப்பா காலத்து நீல டிரான்ஸ்பார்மர். புது இன்ஜின் ஓட்டலாமா?

வேண்டாம். அது 220 வோல்ட் வீட்டு மின்சாரத்துக்குச் செய்தது. இன்றைய 230-இல், திசை மாற்றத் தரும் அந்த ஒரு வெட்டு மின்சாரம் அளவு மீறிப் போய் டிகோடரை எரிக்கும். பழைய இன்ஜின்களோடு அது நிம்மதியாக இருக்கட்டும்.

பழைய டிசி இன்ஜினோடு ஜோடி சேர்த்து ஒரே ரயிலை இழுக்கலாமா, அண்ணே?

பழையது 2 வோல்ட்டில் கிளம்பிவிடும், டிகோடர்காரர் 6 வரை தூங்குவார். ஒன்று இன்னொன்றைத் தரதரவென்று இழுக்கும். விட்டுவிடுங்கள்.

ஹாரன் அடிக்க முடியவில்லை. முகப்பு விளக்கும் எரியவில்லை.

டிஜிட்டல் கன்ட்ரோலரில் விளக்கு, சத்தம் போன்றவற்றை இயக்கும் எஃப் பட்டன்கள் டிசியில் கிடையாது. எது தானாக இயங்க வேண்டும் என்பதைச் சிவி 13, சிவி 14 சொல்கின்றன. 13-இல் எஃப்1 முதல் எஃப்8 வரை. 14-இல் முகப்பு விளக்கும் எஃப்9 முதல் எஃப்12 வரையும். பல இன்ஜின்களில் எஃப்1-தான் இன்ஜின் சத்தம், அதற்கு 13-இல் 1 எழுதினால் போதும். ஹாரனை மட்டும் இப்படித் திறந்துவிடாதீர்கள், வீட்டில் உங்களைத் துரத்துவார்கள்.

பாதி லேஅவுட் டிஜிட்டல், பாதி அனலாக் என்று வைக்கலாமா?

கூடாது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டாலும் இன்ஜின் தாண்டும்போது அதன் சக்கரங்களே பாலமாகி இரண்டு மின்சாரத்தையும் சேர்த்துவிடும். முழு லேஅவுட்டுக்கும் ஒரே இருவழி ஸ்விட்ச் போடுங்கள், நடுவில் ஆஃப் உள்ளதாக. டிஜிட்டலுக்குத் திருப்பும் முன் டிகோடர் இல்லாத இன்ஜின்களைத் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அவை நின்ற இடத்திலேயே ரீங்காரமிட்டுச் சூடாகும். நடுவில் இரும்பு இல்லாத கோர்லெஸ் மோட்டார் என்றால் கருகியே போகும்.

டிகோடரைக் கழற்றி எறிந்துவிட்டால்?

எறியாதீர்கள், டப்பாவில் போட்டு வையுங்கள். டிஜிட்டலுக்குப் போகும் எண்ணமே இல்லாதவருக்கு இதுதான் சரியான வழி என்பேன். சாக்கெட்டில் டிகோடருக்குப் பதிலாக வெற்று பிளக்கைச் செருகினால் அது மறுபடி சாதாரண டிசி இன்ஜின், ஒன்றிரண்டு வோல்ட்டிலேயே ஊரும். 8 பின் சாக்கெட்டில் 1 என்ற குறியைப் பார்த்துச் செருகுங்கள். கம்பிகளை நேரே பற்றவைத்த இன்ஜின் என்றால் கை வைக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. சிக்னல் முன் மின்சாரம் துண்டித்த பகுதியில் நிற்காமல் போய் பஃபரை இடித்தது.

உள்ளே கெபாசிட்டர் இருக்கிறதா பாருங்கள். அழுக்குத் தண்டவாளத்தில் நின்றுவிடாமலிருக்க வைப்பது. மின்சாரம் போன பிறகும் கொஞ்ச தூரம் ஓட்டிக்கொண்டு போகும். துண்டித்த பகுதியை நீளமாக்குங்கள், அல்லது கெபாசிட்டரின் ஒரு கம்பியைக் கழற்றி டேப் சுற்றிவிடுங்கள். அனலாக்கில் அதனால் உபகாரத்தைவிடத் தொல்லைதான் அதிகம்.