பார்ட்டின் முதல் காதல்: கேட்டவர்களுக்குப் பதில்

'த சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் ஆறாம் சீசனில், 1994 நவம்பர் 6இல் ஒளிபரப்பான 'பார்ட்ஸ் கேர்ள்ஃபிரண்ட்' பகுதி பற்றி நீங்கள் கேட்ட கேள்விகள் இவை. பார்க்காதவர்களுக்காகக் கதை: பத்து வயதுப் பார்ட்டுக்குப் போதகர் லவ்ஜோயின் மகள் ஜெசிக்கா மேல் விருப்பம். நல்ல பிள்ளையாக நடந்தால் அவள் திரும்பியும் பார்ப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் குழப்படி செய்து தண்டனை வாங்கியதும் அவளே வந்து கதைக்கிறாள். பிறகுதான் தெரிகிறது, அவள் அவனைவிடப் பெரிய குழப்படிகாரி.

கொக்குவிலில் இருந்து ஒரு அம்மா: மகனுக்குப் பத்து வயது. காட்டலாமா?

காட்டலாம் அக்கா, நீங்களும் பக்கத்தில் இருங்கோ. பள்ளித் தோட்டக்காரரின் ஸ்கொட்லாந்துப் பாவாடையைப் பலூன் கட்டிப் பறக்கவிடும் பகிடி ஒன்று உண்டு, அதற்கு விழுந்து விழுந்து சிரிப்பான்.

பாசையூர்த் தம்பி: அண்ணா, சுவாமிக்கு எப்படி மகள்?

லவ்ஜோய் கத்தோலிக்கர் இல்லை, புரட்டஸ்தாந்து போதகர். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வழியில் இயங்கும் எங்கள் தென்னிந்தியத் திருச்சபையிலும் குருமார் கல்யாணம் செய்வார்கள். வட்டுக்கோட்டை, உடுவில் பக்கத்து ஆட்களுக்கு இது புதினமில்லை. கதைக்கும் இது முக்கியம். போதகரின் பிள்ளை என்பதால்தான் ஒருவரும் அவளைச் சந்தேகப்படுவதில்லை.

திருநெல்வேலி, ஓர் ஆசிரியர்: காணிக்கைக் காசை எடுத்தது அவள். பார்ட் ஏன் அந்த இடத்திலேயே சொல்லவில்லை?

சேர், இந்தப் பகுதியை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதே இந்த இடத்துக்காகத்தான். சேர்ச்சில் காணிக்கைத் தட்டில் இருந்த காசை ஜெசிக்கா எடுத்துக்கொண்டு வெறும் தட்டைப் பார்ட்டின் மடியில் வைக்கிறாள். சபை முழுவதும் திரும்பிப் பார்க்கிறது. ஏற்கெனவே காவாலி என்று ஊர் முடிவு கட்டிய பிள்ளை வாயைத் திறந்தால் யார் நம்புவது? பிறகு அவன் போய்க் கேட்கும்போது ஜெசிக்காவும் இதையேதான் சொல்கிறாள்.

ஆனால் பயம் மட்டும் இல்லை. நான் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பிக்கிறவன். தன்னோடு கதைக்காத ஒருத்தி ஒருநாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் அந்த வயதுப் பெடியன் அதை எவ்வளவு பத்திரமாக வைத்திருப்பான் என்று கண்டிருக்கிறேன். அதை இழப்பதைவிடக் கள்ளன் பட்டம் சுமப்பது அவனுக்கு லேசு. தன்னைக் கவனித்தாள் என்பதையே தன்னை விரும்புகிறாள் என்று எடுத்துக்கொள்கிறான். அவனுக்கு வரும் குழப்பமெல்லாம் அதிலிருந்துதான். கடைசியில் தங்கை லிசாதான் சபை நடுவில் எழுந்து உண்மையைச் சொல்கிறாள், காசும் ஜெசிக்காவின் கட்டிலுக்குக் கீழே அகப்படுகிறது. வகுப்பில் இப்படி வாய் திறக்காத பிள்ளை இருந்தால், சேர், அவனை விட்டுவிட்டு அவனுடைய தங்கச்சியைக் கேட்டுப் பாருங்கோ.

குரல் கொடுத்தது யார்?

ஜெசிக்காவுக்கு ஹொலிவூட் நடிகை மெரில் ஸ்ட்ரீப். பார்ட்டுக்கு நான்சி கார்ட்ரைட், ஆம், ஒரு பெண்தான். பெடியன் ஒருவன் பேசியிருந்தால் சில வருடங்களில் குரல் உடைந்திருக்கும்.

சாவகச்சேரி, உயர்தர மாணவி: முடிவு பிடிக்கவில்லை அண்ணா. அவள் திருந்தவே இல்லையே?

தங்கச்சி, எனக்குப் பிடித்ததே அந்த முடிவுதான். தண்டனையாகச் சேர்ச் படிகளைத் தேய்த்துக் கழுவுகிறாள். அங்கே வரும் பார்ட்டிடம் நைசாகக் கதைத்து வேலையை அவன் தலையில் கட்டிவிட்டு, புதுப் பெடியன் ஒருவனோடு போய்விடுகிறாள். உண்மை வெளிவந்த கையோடு ஆசையும் போய்விடும் என்று காட்டியிருந்தால் அது பொய். அவள் யார் என்று தெரிந்த பிறகும் அவன் கை தேய்க்கும் பிரஷுக்குத்தான் போகிறது. படியைச் சரியாகத் தேய்க்காமல் விடுவதுதான் அவனால் முடிந்த பழிவாங்கல்.