வயதானால் மனம் இறுகிவிடுமா?

கேள்வி: வயது 61. "யார் சொல்வதையும் காதில் போட்டுக்கொள்வதில்லை" என்று பிள்ளைகள் குறைப்படுகிறார்கள். திறந்த மனதோடு இருக்கத்தான் பார்க்கிறேன், முடியவில்லை. வயதின் கோளாறா?

பதில்: வயதுக்கும் பங்கு உண்டு. யோசிக்கும் வேகமும், ஒரு விதியை விட்டு இன்னொன்றுக்கு மாறும் திறனும் மெல்லக் குறையும். ஆனால் அதைவிடப் பெரிய தடை, இதுவரை உங்களுக்குக் கைகொடுத்த வழிகள்தான். உளவியலாளர் ஆபிரகாம் லூச்சின்ஸ் 1942இல் வெளியிட்ட, ஜாடிகளால் தண்ணீரை அளந்தெடுக்கும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஜாடிகள் 21, 127, 3 அளவு, தேவை 100. 127இல் 21ஐயும், இரண்டு முறை 3ஐயும் கழித்தால் விடை. இதே வழியில் தீரும் சில கணக்குகளுக்குப் பிறகு 23, 49, 3 அளவு ஜாடிகள், தேவை 20. பெரும்பாலோர் 49இல் 23, 3, 3 என்று கழித்துச் சுற்றிக்கொண்டே போனார்கள். 23இல் 3 போனால் 20 என்பது கண்ணில் படவில்லை. இளம் மாணவர்களும் இதில் சிக்கினார்கள். வயது ஏற ஏற, பழகிய வழிகளும் சேர்ந்துகொண்டே போகின்றன, அவ்வளவுதான்.

"இனி திறந்த மனதோடு இருப்பேன்" என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டு பயனில்லை. மரண தண்டனை பற்றிய ஆய்வுகளைப் படிக்கக் கொடுத்த 1984 சோதனையில், "நடுநிலையோடு படியுங்கள்" என்ற அறிவுரை, படித்தவர்கள் தம் கருத்தின் பக்கமே சாய்வதைக் குறைக்கவில்லை. "இதே ஆய்வு எதிர் முடிவைச் சொல்லியிருந்தால் எப்படி மதிப்பிட்டிருப்பீர்கள்?" என்ற கேள்விதான் குறைத்தது.

ஆகவே மகனோ மகளோ ஒன்று சொன்னால், முதலில் அதை உங்கள் வார்த்தைகளில் திருப்பிச் சொல்லுங்கள். "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று வரும்வரை மறுப்பு வேண்டாம். பிறகு தாளெடுத்து, உங்கள் கருத்து தவறாக இருக்கக்கூடிய காரணங்கள் இரண்டை எழுதுங்கள். மனதுக்குள்ளேயே யோசித்தால் பழைய வாதம்தான் திரும்ப ஓடும். பத்துக் காரணம் தேடவும் வேண்டாம். தேடித் திணறினால் "மறுகாரணமே இல்லை போலும்" என்று பழைய முடிவு இன்னும் கெட்டிப்படும். கோபம் தணியாமல் எழுத உட்காராதீர்கள்.

கேள்வி: எதற்கும் விட்டுக்கொடுக்கும் அப்பா, ஆறு மாதமாகச் சின்ன மாற்றத்துக்கும் எரிந்து விழுகிறார். ஞாபகம் நன்றாக இருக்கிறது. வயதுதானே?

பதில்: அப்படி விட்டுவிடாதீர்கள். குணம் சட்டென மாறுவது மூப்பின் இயல்பல்ல. காது மந்தம், மனச்சோர்வு, புதிய மருந்து எதுவும் காரணமாகலாம். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் ஒருவகை மறதிநோயில் ஞாபகம் கெடும் முன்பே குணம் மாறும். எப்போது, எதற்குக் கோபப்பட்டார் என்று தேதியோடு குறித்து, சாப்பிடும் மருந்துகளின் பட்டியலோடு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.