குறி தப்பலாம், குழல் திரும்பக் கூடாது

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றதைப் பார்த்த நாளிலிருந்து, துப்பாக்கி சுடப் பழக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். கோயம்புத்தூரில் ஒரு பயிற்சித் தளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் துப்பாக்கியைத் தொட்டவர் எவருமில்லை. தேர்த்திருவிழாவில் பலூன் சுட்டதோடு சரி. முதல் நாள் என்ன நடக்கும்? அவளை நம்பி அனுப்பலாமா?
— ஓர் ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை

பதில்: சகோதரி, அனுப்பலாம், முதல் நாள் தாங்களும் உடன் செல்வது நல்லது. ஒற்றைக் காலில் நிற்கும் மகளிடம், சுடுவதற்கு இரண்டு காலிலும் எடையைச் சமமாகப் போட்டு நிற்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் இப்போதே சொல்லி வையுங்கள்.

பலூன் கடையில் கற்றதை அவள் முதலில் மறக்க வேண்டும். அங்கே துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் இடுப்பில் சாய்த்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவரிடம் திரும்பிச் சிரித்துப் பேசி, பிறகு சாவகாசமாகக் குறி பார்க்கிறோம். கடைக்காரரும் எதுவும் சொல்வதில்லை. பயிற்சித் தளத்தில் இந்தத் திரும்பிச் சிரிப்பதுதான் பெருங்குற்றம். இதை நான் பட்டே அறிந்தேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, என் முதல் நாளில், நான்காவதோ ஐந்தாவதோ சுட்ட ரவை (சிறு ஈயக் குண்டு) தற்செயலாக ஒன்பதாம் வளையத்தில் விழுந்துவிட்டது. அந்தக் களிப்பில், பின்னால் அமர்ந்திருந்த நண்பனைப் பார்த்து "பார்த்தாயாடா!" என்று திரும்பினேன், கையிலிருந்த ரைஃபிளும் என்னோடு திரும்பியது. அதில் ரவை இல்லை என்பது எனக்குத் தெரியும், ஆனால் என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. தள அலுவலர் இரண்டே எட்டில் வந்து குழலைப் பிடித்துத் தரையை நோக்கி அழுத்தினார். ஒரு சொல்லும் பேசாமல் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, சுவரோரப் பெஞ்சைக் காட்டினார். அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். அன்று சுட்டதில் வேறெதுவும் எனக்கு நினைவில்லை, அந்தப் பெஞ்சு மட்டும் நினைவிருக்கிறது.

ஆகவே முதல் நாளில் தங்கள் மகள் தேற வேண்டிய பாடம் குறி பார்ப்பதன்று. எந்தத் துப்பாக்கியையும் ரவை ஏற்றியதாகவே எண்ண வேண்டும். குழல் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். சுடத் தீர்மானிக்கும் நொடி வரை விரல் விசைக்கு (டிரிகருக்கு) வெளியே இருக்க வேண்டும். ரவை இலக்குத் தாளை விட்டு விலகிப் போனாலும் அன்று யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள், ஆனால் குழல் இலக்கை விட்டு விலகினால் எந்த நல்ல பயிற்சியாளரும் பொறுக்க மாட்டார். அப்படிப் பொறுத்துக்கொள்ளும் தளமாக இருந்தால், மகளை அழைத்துக்கொண்டு அடுத்த பேருந்தில் திரும்பிவிடுங்கள்.

நடைமுறையைப் பொறுத்தவரை, அடையாளச் சான்றைப் பார்த்து, வயது குறைந்தவர் என்பதால் தங்கள் கையொப்பத்தையும் பெற்றுக்கொள்வார்கள். பிறகு எந்தக் கண் மேலோங்கியது என்று பார்ப்பார்கள். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே ஒரு சிறு இடைவெளி விட்டு, அதன் வழியே தொலைவில் உள்ள ஒரு பொருளை நோக்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னால், எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் விலகாமல் நிற்கிறதோ அதுவே மேலோங்கிய கண். வலக்கைப் பழக்கம் உள்ள பலருக்கு இடக்கண் மேலோங்கியிருப்பதுண்டு. அதில் குறையொன்றுமில்லை, முதல் நாளே தெரிந்துகொண்டால் போதும். மறு கண்ணை இறுக மூடிக்கொண்டு சுடுவதும் நம் பலூன் கடைப் பழக்கம்தான். அதனால் முகத்தசை இறுகித் திறந்த கண்ணும் களைத்துவிடும் என்பதால், இரண்டையும் திறந்து வைத்து, மறு கண்ணுக்கு முன்னால் ஒரு சிறு மறைப்புத் துண்டைப் பொருத்திக்கொள்வார்கள்.

அடுத்தது கட்டளைகள். "லோட்" என்றால் மட்டுமே ரவை ஏற்ற வேண்டும், "ஸ்டார்ட்" என்ற பிறகே சுட வேண்டும், "ஸ்டாப்" என்றதும், பாதி அழுத்திய விசையாக இருந்தாலும், விரலை எடுத்துவிட வேண்டும். சுடாத நேரத்தில், துப்பாக்கி காலியாக உள்ளது என்பதைக் காட்ட, பளிச்சென்ற நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் இழையைக் குழலுக்குள் செருகி வைப்பார்கள். தாள் மாற்ற ஒருவர் முன்னே சென்றிருக்கும்போது, மற்றவர்கள் மேசைமேல் உள்ள துப்பாக்கியைத் தொடவே கூடாது, துடைப்பதற்குக்கூட.

இத்தனைக்கும் பிறகே சுடுதல் வரும். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள், அதாவது காற்றுத்துப்பாக்கிப் போட்டியில் துப்பாக்கியின் எடை 5.5 கிலோ வரை இருக்கலாம். 60 முறை சுட 75 நிமிடம் தருகிறார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் தோளுக்கு இது சுமைதான் என்பதால், முதல் நாளில் தாங்கியின்மேல் வைத்தே சுட விடுவார்கள். நின்று சுடும் முறையைக் காட்டும்போது, இடக்கை முழங்கையை இடுப்பெலும்பின்மேல் ஊன்றச் சொல்வார்கள்; துப்பாக்கியைத் தூக்கி நிறுத்துவது எலும்பு, தசையன்று. தசையால் தூக்கினால் அரை நிமிடத்தில் நடுக்கம் கண்டுவிடும். கன்னத்தைத் துப்பாக்கியின் பின்கட்டையில் பதித்து, பின் சைட்டின் (குறி பார்க்கும் அமைப்பின்) சிறு துளை வழியே பார்த்தால், முன் சைட்டின் வளையத்துக்குள் இலக்கின் கரும்பொட்டு மிதந்துகொண்டிருக்கும். அது ஒரு நொடிகூட அசையாமல் நிற்காது; தன் நாடித்துடிப்புக்கு ஏற்ப அது துள்ளுவதைத் தங்கள் மகள் தன் கண்ணாலேயே பார்ப்பாள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ஏழெட்டு நொடிக்குள் சுட முடிந்தால் சுட வேண்டும். முடியாவிட்டால் துப்பாக்கியைத் தாழ்த்தி, மூச்சு வாங்கி, மீண்டும் தொடங்க வேண்டும். சுடாமல் தாழ்த்துவதற்குத்தான் புதியவர்களுக்கு மனம் வருவதில்லை. சுட்ட பிறகும் ஓரிரு நொடிகள் அப்படியே நிற்க வேண்டும், தலையைத் தூக்கி எங்கே பட்டது என்று பார்க்கக் கூடாது.

அந்தக் கரும்பொட்டின் விட்டம் 30.5 மில்லிமீட்டர், நம் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரியது. நடுவில் உள்ள பத்துப் புள்ளியோ வெறும் 0.5 மில்லிமீட்டர், பேனா முனை பட்ட அளவு. ரவையின் விட்டம் 4.5 மில்லிமீட்டர் என்பதால்தான் அதைத் தொடுவதாவது நடக்கிறது. எனவே அன்று வீடு திரும்பும் வழியில் "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்டுவிடாதீர்கள், ஆசிரியையாகிய தங்களுக்கு அது கடினம் என்று அறிவேன். துளைகள் ஒன்றையொன்று நெருங்கி விழுந்திருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். நடுவில் ஒன்றும் ஓரத்தில் நான்குமாகச் சிதறிய தாளைவிட, ஐந்தும் ஒரே மூலையில் நெல்லிக்காய் அளவில் கூடியிருக்கும் தாள் மேலானது. கூட்டத்தை நடுவுக்குக் கொண்டுவர சைட்டைத் திருகினால் போதும். சிதறலைத் திருத்தத் திருகாணி கிடையாது.

உடைக்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம். தட்டையான அடிப்பகுதி கொண்ட மூடிய காலணி, உடம்போடு ஒட்டிய முழுக்கைச் சட்டை, பின்னிக் கட்டிய தலைமுடி, இவை போதும். துப்பட்டாவும் வளையலும் அன்று வேண்டாம். முதல் நாளே விறைப்பான சுடுதல் மேலங்கியை விலைபேசும் இடத்தில் கவனமாக இருங்கள். என்னிடம் அப்படி ஒன்றைத் தலையில் கட்டினார்கள், ஆறு மாதத்தில் அது எனக்குப் பொருந்தாமல் போயிற்று. வளரும் பிள்ளைக்குக் கேட்கவே வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ரவை ஈயத்தால் ஆனது, ஈயமோ நஞ்சு. பலூன் கடைக்காரர் அதை வாயில் ஒதுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துப் பிள்ளைகளும் செய்கிறார்கள். தளத்துக்குள் எதையும் தின்னக் கூடாது. வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். கிளம்பும்போது இட்லி போன்ற எளிய உணவு நல்லது. வெறும் வயிற்றோடு போனாலும் கை நடுங்கும், இரண்டு தம்ளர் காப்பி குடித்தாலும் கை நடுங்கும்.

கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது இந்தப் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில்தான் என்பதை மகளிடம் சொல்லுங்கள். பெயரைத் தமிழில் எழுதிக் காட்டினால் இன்னும் மகிழ்வாள்.

கேள்வி: சொந்தமாக ஏர் ரைஃபிள் வாங்க உரிமம் வேண்டுமா? வாங்கினால், பயிற்சிக்காகக் கேரள – தமிழக எல்லை தாண்டிக் கொண்டுபோகும்போது சோதனைச் சாவடியில் சிக்கல் வருமா?
— ஒரு வாசகர், வேலந்தாவளம்

பதில்: 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டரையும், வெளிவரும் ரவையின் ஆற்றல் 20 ஜூல் அளவையும் தாண்டாத காற்றுத்துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ரைஃபிள்களின் ஆற்றல் இதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. ஆனால் காக்கிச் சட்டை அணிந்தவருக்கு நீண்ட பையும் அதற்குள் குழலும்தான் முதலில் கண்ணில் படும். ஆகவே வாங்கிய ரசீதையும் அடையாள அட்டையையும் பயிற்சித் தளத்தின் உறுப்பினர் அட்டையையும் பையிலேயே வைத்திருங்கள். ரவை ஏற்றாமல், மூடிய பெட்டியில் கொண்டுசெல்லுங்கள். கேட்பதற்கு முன்பே இன்னதென்று சொல்லிவிடுங்கள். தோட்டா போடும் 0.22 ரைஃபிளின் கதை வேறு. அதற்கு உரிமம் கட்டாயம், அந்த உரிமம் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்பதும் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும்.

பழைய துப்பாக்கி வாங்குவதாக இருந்தால், கட்டையின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் காற்று உருளையின் மேல் பொறித்துள்ள ஆண்டைப் பாருங்கள். 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்து வைக்கும் அந்த உருளைக்குப் பத்தாண்டு ஆயுளே தரப்படுகிறது. விலை மலிவாக இருப்பதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

கேள்வி: திருவனந்தபுரத்தில் ஏர் பிஸ்டல் பழகச் சேர்ந்திருக்கிறேன். முதல் நாள் சுட்டதில் ஏறக்குறைய அனைத்தும் இடப்பக்கம் கீழே விழுந்தன. துப்பாக்கியில் கோளாறா? பயிற்சியாளர் மலையாளத்தில் சொல்வதும் பாதிதான் புரிகிறது.
— ஒரு கல்லூரி மாணவர், பாறசாலை

பதில்: தம்பி, அதே பிஸ்டலில் பயிற்சியாளர் சுட்டால் நடுவில் விழுகிறதா என்று பாருங்கள், விழுந்தால் கோளாறு விசையை இழுக்கும் விரலில் இருக்கிறது. வலக்கைக்காரர்கள் விசையை வெடுக்கென்று இழுக்கும்போது, அதிர்வை எதிர்பார்த்து மணிக்கட்டும் சேர்ந்து சுருங்குவதால், குழல் இடப்பக்கம் கீழே சாய்கிறது. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே ஒரு முழத்துக்கும் குறைவான தூரமே இருப்பதால், முன் சைட் 1 மில்லிமீட்டர் பிசகினால், பத்து மீட்டரில் அது ஏறக்குறைய 30 மில்லிமீட்டர், அதாவது மூன்று நான்கு வளையங்கள் ஆகிவிடும். இதற்கு மருந்து, ரவை இல்லாமல் வெறும் விசையை அழுத்திப் பழகுவதுதான். வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று, அழுத்தும்போது முன் சைட் அசைகிறதா என்று மட்டும் கவனியுங்கள். இலக்கு மங்கலாகவும் முன் சைட் தெளிவாகவும் தெரிய வேண்டும். நம் கண் இதற்கு நேர்மாறாகவே செய்யப் பார்க்கும்.

மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். தோக்கு என்பது துப்பாக்கி, உண்ட என்பது குண்டு, காஞ்சி என்பது விசை. காஞ்சிபுரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. உன்னம் என்றால் குறி. நம் 'உன்னிப்பாக' என்ற சொல்லோடு சேர்த்து வைத்துக்கொண்டால் மறக்காது. "வெடி வை" என்றால் சுடு என்று பொருள், தீக்குச்சியைத் தேட வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியமான "நிறுத்து" என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒன்றே. தாங்கள் எந்தத் தளத்தில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக வட்டியூர்க்காவில் அமைந்த தளத்தை ஒருமுறையாவது போய்ப் பாருங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்றுவிட்டேன், வயது 61. இரட்டைப் பார்வைக் கண்ணாடி அணிகிறேன். இனிமேல் ஏர் பிஸ்டல் பழகுவது நகைப்புக்கு இடமாகுமா?
— ஒரு வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: சுவீடனின் ஆஸ்கர் ஸ்வான் 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் வெள்ளி வென்றபோது அவருக்கு வயது 72. அவ்வளவு தொலைவு போவானேன், பாரிஸில் ஏர் பிஸ்டல் கலப்பு இணைப் போட்டியில் வெள்ளி வென்ற துருக்கியின் யூசுஃப் டிகேச்சுக்கு 51 வயது. சாதாரணக் கண்ணாடியோடும் காற்சட்டைப் பைக்குள் விட்ட இடக்கையோடும் நின்று சுட்டார்.

தங்கள் தொல்லை வயதில் இல்லை, கண்ணாடியின் கோட்டில் இருக்கிறது. இரட்டைப் பார்வைக் கண்ணாடியில் மேல்பகுதி தொலைவுக்கும் கீழ்ப்பகுதி படிப்புக்கும் உரியது. பிஸ்டலின் முன் சைட்டோ இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தில் நிற்கிறது. அதைத் தெளிவாகப் பார்ப்பதற்காகத் தாங்கள் அறியாமலே முகவாயைத் தூக்குவீர்கள், பத்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும். முதல் நாள் இருக்கிற கண்ணாடியோடே சென்று வாருங்கள். தொடர்வதென்று முடிவானால், சுடும் கண்ணுக்கு மட்டும் ஒரே பார்வைக் கண்ணாடி போதும். பயிற்சியாளரை அருகில் வைத்துக்கொண்டு, காலிப் பிஸ்டலை நீட்டிப் பிடித்து, கண்ணிலிருந்து முன் சைட் வரை எவ்வளவு என்று ஒரு நூலால் அளந்துகொள்ளச் சொல்லுங்கள். அந்த நூலை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.