கரடியும் வேண்டாம், 'இவரும்' வேண்டாம்!

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் உடன்குடி. வேலைக்கு நார்வே வந்தேன். இந்த ஊர்க்காரர் ஒருவரையே கல்யாணம் செய்துகொண்டு பெர்கன் நகரில் இருக்கிறேன். ஆகஸ்டில் பிரசவம், ஆண் குழந்தை. இங்கேதான் வளரப்போகிறான் என்பதால் ஸ்காண்டிநேவியப் பெயரே இருக்கட்டும் என்று நானே சொல்லிவிட்டேன். கணவர் கொடுத்திருக்கும் பட்டியல்: பியோர்ன், ஈவார், தூர், ஷெட்டில், மக்னுஸ், சிந்த்ரெ. மாமியார் 'அசல் நார்வேப் பெயராக வையுங்கள்' என்கிறார். ஊரில் இருக்கும் அம்மாவோ, போன வருடம் தவறிய அப்பாவின் பெயர் எப்படியாவது வரணும் என்று போனில் அழுகிறார். அப்பா பெயர் செந்தில். அம்மா வாயில் நுழையணும், அர்த்தமும் நன்றாக இருக்கணும், ஊரில் யாரும் சிரிக்கக் கூடாது. எதை வைப்பது?
- வாசகி, பெர்கன்

பதில்: உங்கள் அம்மாவை மனதில் வைத்துக்கொண்டுதான் பட்டியலைப் படித்தேன். ஈவாரிடம் வந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நார்வேக்காரர்கள் 'ஈ'யை நீட்டித்தான் சொல்வார்கள். ஆனால் எழுத்தில் அது ஐ, வி, ஏ, ஆர். நம்மவர் யார் படித்தாலும் 'இவர்'தான். அப்புறம் நடப்பதை யோசியுங்கள். வீடியோ காலில் அம்மா "இவர் சாப்பிட்டாரா?" என்று கேட்டால் அது பேரனைப் பற்றியா, மருமகனைப் பற்றியா? பக்கத்து வீட்டு அத்தை "பேரனுக்கு என்ன பேரு வச்சிருக்கு?" என்று கேட்க, அம்மா "இவர்" என்று சொல்ல, அத்தை திண்ணையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று எட்டிப்பார்க்க... வேண்டாம். பெயரில் ஒரு குறையும் இல்லை. வில் செய்யும் மரம், படை என்ற இரண்டு பழஞ்சொற்கள் சேர்ந்தது, வில்வீரன் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டுக்குத்தான் ஒத்துவராது.

தூர் என்பது இடித் தெய்வத்தின் பெயர். நாம் 'தோர்' என்று படிப்பதை அங்கே 'தூர்' என்றுதான் சொல்கிறார்கள். சம்மட்டி ஏந்திய அந்தத் தெய்வத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கோடையில் குளம் வற்றினால் 'தூர் வாரியாச்சா?' என்று கேட்கிற ஊர்க்காரர் நீங்கள். அடித்துவிடுங்கள்.

பியோர்னுக்கு வருவோம். அதன் நடுவில் இருக்கும் உயிரெழுத்து 'ஓ'வும் இல்லை, 'ஏ'வும் இல்லை. உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஏ' சொல்லிப் பார்த்தால் கிட்டத்தட்ட வரும். தமிழில் அதற்கு எழுத்தே கிடையாது. அம்மா முதல் வாரம் 'பியோன்' என்பார், இரண்டாம் வாரம் அது 'பியூன்' ஆகிவிடும். அர்த்தம் கரடி. அங்கே அது வீரமான, கௌரவமான பெயர், அரசர்கள்கூட வைத்துக்கொண்டது. நம் மொழியில் கரடி என்றால் சிவபூஜையில் நுழையும், இல்லாவிட்டால் யாராவது விடுவார்கள். நாகராஜன் என்று பாம்பின் பெயரை வைத்துக்கொண்டு கம்பீரமாக நடக்கிற நமக்குக் கரடி மட்டும் இளக்காரமாகிவிட்டது. காரணம் கேட்காதீர்கள்.

இதனால்தான் அர்த்தத்தை ரொம்பப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம் என்கிறேன். பழைய ஸ்காண்டிநேவியப் பெயர்களில் பாதி, இரண்டு துண்டுகளை ஒட்டிச் செய்தவை. தூர்ஸ்டைன் என்றால் இடித்தெய்வமும் கல்லும். தூர்பியோர்ன் என்றால் அதே தெய்வமும் கரடியும். அப்பா பெயரில் ஒரு துண்டு, தாத்தா பெயரில் ஒரு துண்டு எடுத்துப் பிள்ளைக்கு வைப்பார்கள். 'இடிக்கல்' என்று பிள்ளையைக் கூப்பிட வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. ராமசுப்பிரமணியன் என்று நம் வீட்டில் வைக்கும்போது நாம் என்ன இலக்கணம் பார்த்தோமோ, அதேதான்.

மாமியார் கேட்கும் 'அசல்' விஷயத்துக்கு மக்னுஸ் கதையைச் சொல்கிறேன், பக்குவமாக அவர் காதில் போடுங்கள். 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி எழுதிவைத்த நார்வே அரசர் வரலாற்றில் வருகிறது. 1024 வாக்கில் ஒரு நள்ளிரவில் அரசர் ஓலாவுக்கு ஒரு மகன் பிறக்கிறான். குழந்தை பிழைக்குமா என்றே தெரியவில்லை, உடனே பெயரிட்டு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும். அரசரோ தூங்குகிறார், தானாக விழிக்கும் முன் யாரும் எழுப்பக்கூடாது என்று கட்டளை. எழுப்ப எவருக்கும் துணிச்சல் இல்லை. அரசவைப் புலவர் சிக்வாட்தான் பொறுப்பை ஏற்றுக்கொண்டு மக்னுஸ் என்று வைத்துவிடுகிறார். விடிந்ததும் அரசர், 'இது நம் குலத்துப் பெயரே இல்லையே, ஏன் வைத்தாய்?' என்று கோபமாகக் கேட்கிறார். 'உலகத்திலேயே சிறந்த மனிதர் என்று நான் அறிந்த கார்லமக்னுஸ் மன்னரின் பெயரை வைத்தேன்' என்கிறார் புலவர். நாம் சார்லமேன் என்று சரித்திரப் பாடத்தில் படித்தோமே, அவர்தான். வேடிக்கை என்னவென்றால் அந்த மன்னரின் பெயர் கார்ல் மட்டும்தான். மக்னுஸ் என்பது 'பெரிய' என்ற லத்தீன் அடைமொழி. புலவர் பெயரை விட்டுவிட்டுப் பட்டத்தை எடுத்து வைத்துவிட்டார்! அந்தப் பிள்ளை பிழைத்து, 1035-ல் நார்வேக்கு அரசனும் ஆனான். அதற்கப்புறம் எத்தனையோ மக்னுஸ்கள் வந்துவிட்டார்கள். இன்று அதை வேற்றுப் பெயர் என்று அங்கே யாராவது சொல்வார்களா?

இப்போது அங்கே பிறக்கிற பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் முன்வரிசையில் யாக்கோப், நோவா, லூக்காஸ் என்று பைபிள் பெயர்கள் நிற்கின்றன. ஜே என்ற எழுத்தை அவர்கள் 'ய' என்றே உச்சரிக்கிறார்கள். உடன்குடிக்குப் பக்கத்தில் மணப்பாடு இருக்கிறது. யோவான், யாக்கோபு என்று கேட்டுப் பழகிய காதுக்கு இவை அந்நியமே இல்லை. அப்படி ஒரு பெயர் வைத்தாலும் அம்மா தடுமாற மாட்டார். ஆனால் உங்களுக்கு வேண்டியது அப்பாவின் பெயர். அதற்கு வருகிறேன்.

இரண்டு பக்கமும் இழுக்கிறார்கள் என்று நினைத்துத் தவிக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்பதால்தானே நாம் பெயரன் என்றோம், அது பேச்சில் பேரன் ஆனது? நார்வேயிலும் இதே வழக்கம்தான். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்று கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக வைத்துவந்தார்கள். இப்படி ஒருவர் பெயரை இன்னொருவருக்கு வைப்பதற்கு அவர்கள் மொழியில் 'ஒப்கல்ல' என்று ஒரு வினைச்சொல்லே இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் 'எழுப்பிக் கூப்பிடு' என்று வரும். காலம் மாறி, தாத்தா பெயர் பழசாகத் தெரிந்தபோது முதல் எழுத்தை மட்டுமாவது வைத்துக்கொண்டார்கள். தாத்தா சிகுர்த் என்றால் பேரன் சீமென். (சீமென் வேண்டாம். ஊரில் சிமெண்ட் என்பார்கள்.) இதை மாமியாரிடம் சொன்னால் நம் அம்மா கேட்பது அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிடும்.

கணவர் பட்டியலில் ஷெட்டில் இருப்பது உங்கள் அப்பா பெயரைக் கேட்டதனால்தானோ என்று எனக்குச் சந்தேகம். அப்படியானால் மனிதர் கெட்டிக்காரர். கே, ஜே என்று எழுதினாலும் அந்த முதல் ஒலி ச-வுக்கும் ஹ-வுக்கும் நடுவில் வரும் ஒரு காற்று. இளையவர்கள் அதைச் சிரமப்பட்டுச் சொல்லாமல் 'ஷ' என்றே சொல்லிவிடுகிறார்கள், பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நம்மூரில் ழ-வுக்கு நடக்கிற அதே சண்டை. ஆக ஷெட்டில், ஷெத்தில், அரைத்தூக்கத்தில் கேட்டால் செந்தில். அர்த்தம் கொப்பரை, அண்டா. அண்டாவா என்று முகம் சுளிக்காதீர்கள். அகத்தியரையே குடமுனி என்று கூப்பிட்ட ஊர் நம்முடையது.

இருந்தாலும் இரண்டு காரணத்துக்காகத் தயங்குகிறேன். ஒன்று, அது அங்கே ஐம்பதைத் தாண்டிய சித்தப்பாக்களின் பெயர். நம்மூரிலும் செந்தில் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவருக்கு அநேகமாக அந்த வயதுதான் இருக்கும், அந்தப் பொருத்தம்கூடத் தவறவில்லை. வகுப்பில் இவன் ஒருவன்தான் ஷெட்டிலாக இருப்பான். சில பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது. இரண்டாவது காரணம் பெரியது. அம்மா வாயில் அது 'செத்தில்' என்று விழுந்தால்? அப்பா போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த முதல் இரண்டெழுத்தை அவர் நாளைக்கு இருபது முறை சொல்ல வேண்டாம்.

நானாக இருந்தால் சிந்த்ரெ வைப்பேன். செந்திலின் 'ச' இருக்கிறது, நடுவில் அதே 'ந்' இருக்கிறது. மாமியார் கேட்கும் அசல் வேரும், அதாவது அவர்களின் பழைய மொழியான நோர்ஸ் வேரும் உண்டு. இன்று இருபது, முப்பது வயதில் இருக்கிறவர்களிடம் நிறையப் புழங்கும் பெயர், பழசுமல்ல, நேற்று முளைத்ததுமல்ல. சிந்திரி என்பவன் அவர்கள் புராணத்தில் வரும் குள்ளக் கொல்லன். அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து பட்டறையில் தெய்வங்களுக்குப் பொருள் செய்கிறார்கள். சிந்திரி இரும்பை உலையில் போட்டுவிட்டு, நான் வரும்வரை துருத்தியை நிறுத்தாதே என்று சொல்லிவிட்டு வெளியே போகிறான். பந்தயத்தில் இவர்களைத் தோற்கடிக்க நினைக்கும் தந்திரக்காரத் தெய்வம் லோகி, ஈயாக வந்து துருத்தி ஊதுகிறவனின் இமையில் கடிக்கிறான். ரத்தம் கண்ணை மறைக்க, அவன் ஒரே ஒரு கணம் கையை எடுத்து ஈயை விரட்டுகிறான். அவ்வளவுதான், சம்மட்டியின் பிடி குட்டையாகிவிடுகிறது. இடித்தெய்வத்தின் கையில் இருப்பது அந்தக் குட்டைப்பிடிச் சம்மட்டிதான்.

பெயரின் வேரைப் பட்டறையில் தெறிக்கும் பொறியோடு சேர்த்துச் சொல்வார்கள். திருச்செந்தூர்ப் பக்கத்துப் பெண்ணுக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டுமா? நெற்றிக்கண்ணின் ஆறு பொறியில் பிறந்தவன்தானே செந்திலாண்டவன்? அம்மாவிடம் "பொறின்னு அர்த்தம்மா" என்று மட்டும் சொல்லுங்கள். மிச்சத்தை அவரே சொல்லிக்கொள்வார்.

அப்பா பெயர் முழுசாகவும் வர வழி இருக்கிறது. நார்வேயில் குழந்தை பிறந்த ஆறு மாதத்துக்குள் பெயரைப் பதிய வேண்டும். மக்கள் பதிவேடு வரி அலுவலகத்தின் கையில் இருப்பதால் அங்கேதான் பதிவு. பிறந்ததும் பிள்ளைக்கு வரி அலுவலகத்தோடு பழக்கம் ஆகிவிடுகிறது! படிவத்தில் முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என்று மூன்று இடம். நடுப்பெயர் என்றதும் நாம் இன்னொரு செல்லப்பெயர் என்று நினைத்துக்கொள்வோம். அங்கே அது குடும்பப்பெயரின் இனம். உங்கள் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப்பெயராக ஏறியிருந்து, கல்யாணத்துக்குப் பிறகும் மாற்றாமல் வைத்திருந்தால், செந்திலை நடுப்பெயராகவே கொடுக்கலாம். இல்லையென்றால் முதற்பெயர் இடத்திலேயே 'சிந்த்ரெ செந்தில்' என்று இரண்டையும் எழுதிவிடுங்கள். நம்மூர் இனிஷியல் கடல் தாண்டியதும் குடும்பப்பெயராகிவிடுகிறதே என்று கணவரிடம் அலுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஹான்ஸ் மகன் ஹான்சன் என்று அவர்களும் அப்பா பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1923-ல் சட்டம் வந்துதான் எல்லோருக்கும் நிலையான குடும்பப்பெயர் என்று ஆனது.

ஒருவேளை நீங்கள் இருவரும் கடைசியில் வேறு பெயருக்குப் போனால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட 'ஓ', மேலே வட்டம் வைத்த 'ஏ' உள்ள பெயர்கள் பாஸ்போர்ட்டின் அடிவரியில் வேறு எழுத்தாக மாறி ஏறும். ஹோகன் என்ற பெயரின் வட்டம் வைத்த 'ஏ' அங்கே இரண்டு 'ஏ' ஆகிவிடும். விமான டிக்கெட்டில் ஒரு எழுத்து, இந்திய அலுவலகப் படிவத்தில் வேறு எழுத்து என்றால் ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் நீங்கள்தான் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். சிந்த்ரெயில் அந்தத் தொல்லை இல்லை.

படிவத்தை நிரப்பும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அம்மாவை வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள். பெயரைப் பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லக் கூடாது. அடுப்படியில் நின்றுகொண்டு, தெருவில் விளையாடுகிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட வேண்டும். 'சிந்திரா' என்றுதான் வரும், வரட்டும். பெர்கன்காரரான மாமியார் அந்த ர-வைத் தொண்டையில் உரசுவார், அம்மா நாக்கில் உருட்டுவார். பதிவை மாமியாரிடம் போட்டுக்காட்டி, "யாரைக் கூப்பிடுகிறார், தெரிகிறதா?" என்று கேளுங்கள். அவர் தலையாட்டினால் அன்றைக்கே பதிந்துவிடுங்கள்.