கேளுங்க, பேசுவோம்: பள்ளிக்கூடத்து வாசப்படி

கேள்வி: எங்க தெரு ஊராட்சி ஒன்றிய தொடக்கப்பள்ளியில நான் மேலாண்மைக் குழு உறுப்பினர், பொண்ணு அங்கதான் நாலாவது படிக்கிறா. கூட்டத்துக்கு நோட்டீஸ் குடுத்தும் பார்த்தாச்சு, வாட்ஸ்அப்ல போட்டும் பார்த்தாச்சு, நாலு பேருக்கு மேல வரமாட்டேங்குறாங்க. ஹெட்மாஸ்டரும் சோர்ந்து போயிட்டார். என்ன செய்யலாம் அக்கா?
- ஒரு தாய், நன்னிலம் வட்டம்

பதில்: கூட்டத்தை எத்தனை மணிக்கு வைக்கிறீங்க தங்கச்சி? மூணு மணின்னா யாரு வருவாங்க சொல்லுங்க. ஜூன் 12 மேட்டூர் தொறந்து தண்ணி வாய்க்காலுக்கு வந்துட்டா நாத்துப் பறி, நடவு, அப்புறம் களை, சம்பா முடிஞ்சா தை மாசி அறுப்பு, நடுவுல நூறு நாள் வேலை வேற. வேலை விட்டு வந்து குளிச்சு உலை வச்சுட்டு நிமிர்றப்போ ஆறு ஆறரை ஆயிடும். அந்த நேரத்துக்கு நீங்க மாரியம்மன் கோயில் வாசலுக்குப் போங்க, அரை மணி நேரம் போதும், முதல்ல ரெண்டு பிள்ளைங்களை சத்தமா வாசிக்க விடுங்க, குறை பேசுறதெல்லாம் அப்புறம்.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவுல முக்கால்வாசி பேர் பெத்தவங்களா இருக்கணும், மொத்தத்துல பாதி பெண்களா இருக்கணும். சட்டம் இடம் குடுத்துடுச்சு, ஆனா நம்ம தாய்மாருங்க பள்ளிக்கூடத்து வாசப்படி ஏறவே கூச்சப்படுறாங்க, உள்ள போனா நமக்கு என்ன தெரியும்னு. அந்தக் கூச்சத்தைத்தான் முதல்ல போக்கணும்.

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துல ஒரு நாள் அளவைகள் பாடம் நடத்திட்டு இருந்தேன். ஒரு பையனோட அப்பாயி அவன் மறந்துட்டுப் போன நோட்டைக் கொண்டாந்து வாசல்லயே நின்னாங்க. உள்ள வாங்கம்மா, நிலம் அளக்குற குழி மா கணக்கு சொல்லிக் குடுங்கன்னேன். கால்ல சேறு இருக்கு தாயின்னு தயங்கினாங்க, விடலை. உக்காந்தாங்க பாருங்க, சாக்பீஸைத் தொடவே இல்ல, தரையில விரலாலயே கட்டம் போட்டு, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, அப்ப ஒரு வேலிக்கு எத்தனை குழிடான்னு கேட்டாங்க. ரெண்டாயிரம்னு கத்துனது யாருன்னா கணக்குன்னாலே தலையைக் குனிஞ்சுக்கிற அவங்க பேரன்தான். அப்புறம் 12 மரக்கால் ஒரு கலம்னு நெல்லளவைக்குப் போயிட்டாங்க, மணி அடிச்சும் ஒரு பிள்ளை எந்திரிக்கல. அடுத்த கூட்டத்துக்கு அந்தம்மா தன்னோட நடவு நடுற ஆறு பேரைக் கூட்டிட்டு வந்தாங்க.

அதனால கூட்டத்துக்கு வாங்கன்னு கூப்பிடாதீங்க, பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லிக் குடுங்கன்னு கூப்பிடுங்க. முதல்ல காலை உணவு சமைக்கிற அக்காங்ககிட்ட ஆரம்பிங்க, அவங்க தினமும் உள்ள வந்து போறவங்க, கூச்சம் இல்ல. (அந்தத் திட்டத்தை 2023 ஆகஸ்ட் 25ல நம்ம திருக்குவளையிலதான் மத்த ஊர்களுக்கும் விரிவாக்கினாங்க, நம்ம பக்கத்துக்கு அது பெருமை.)

ஆடி பொறந்தா இன்னொண்ணும் செய்யலாம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல நெல் திருவிழா நடத்துன நெல் ஜெயராமன் அய்யா 2018ல காலமாயிட்டார். அவர் விவசாயிங்களுக்கு 2 கிலோ பாரம்பரிய விதை நெல் குடுத்து அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பி வாங்குவார். அதையே அவரைக்காய், புடலை, சுரைன்னு பிள்ளைங்க கையில 2 விதையா குடுங்க, காய்ச்சு முத்துனதும் 4 விதையா கொண்டாரட்டும். எப்ப ஊனணும், பந்தல் எப்படிப் போடணும்னு அது வீட்டுல போய்த்தானே கேக்கணும், பள்ளிக்கூடத்துப் பேச்சு அடுப்படிக்குப் போயிடும்.

கேள்வி: சாயங்காலம் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்க இடம் இல்ல. சத்துணவு சமையக்கட்டை ஒட்டி இளைஞருங்க சேர்ந்து கீத்துக் கொட்டகை போடலாம்னு இருக்கோம், செலவு கம்மி.
- பாபநாசம் வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. 2004 ஜூலை 16, உங்களுக்குப் பக்கத்துல கும்பகோணத்துல ஒரு பள்ளிக்கூடத்துல, சமையக்கட்டுல புடிச்ச தீ கீத்துக் கூரைக்கு ஏறி 94 பிள்ளைங்க போயிட்டாங்க. அன்னைக்கு ரேடியோவுல கேட்டுட்டு எங்க பள்ளிக்கூடத்துல யாருக்கும் சோறு இறங்கல. இப்பவும் கீத்து, சமையக்கட்டு, பிள்ளைங்க மூணையும் ஒரே வரியில படிச்சா எனக்கு நெஞ்சு படபடங்குது. ஹெட்மாஸ்டர்கிட்ட கேட்டு வகுப்பறை வராண்டாவையே வாங்குங்க, இல்லன்னா ஊராட்சி நூலகம், சமுதாயக் கூடம் கேளுங்க. எந்த இடமா இருந்தாலும் வெளிய வர ரெண்டு வழி இருக்கான்னு பார்த்துட்டு, அந்த ரெண்டாவது கதவு பூட்டியிருந்தா அதைத் தொறக்க வச்சுட்டு அப்புறம் பாயை விரிங்க.

கேள்வி: பொங்கலுக்குப் போட்டி வச்சா வருஷா வருஷம் அதே மூணு பிள்ளைங்கதான் பரிசு வாங்குது, மத்ததுங்க முகம் வாடிப் போகுது.
- திருவையாறு வாசகி

பதில்: இந்த வருஷம் பரிசே வேண்டாம். எவர்சில்வர் டம்ளருக்கு வச்சிருக்கிற காசுல கலர் சாக்பீஸும் கோலப்பொடியும் வாங்கி, பள்ளிக்கூடத்து முன்னாடி தெரு முழுக்க ஒரே கோலமா போட விடுங்க, ஆம்பளப் பிள்ளைங்களும் சேர்ந்துதான். ஆளுக்கு ஒரு முழம் இடம், அதுக்குப் பக்கத்துல அவங்கவங்க பேரை அவங்களே எழுதட்டும். பேர் எழுத வராத சின்னதுங்களுக்கு அன்னைக்குக் காலையிலயே கையைப் புடிச்சு எழுதிக் காமிங்க.