முன்கூட்டி வந்த பணம் ரீஃபண்டைக் குறைக்குமா? அமெரிக்க வரி கேள்வி-பதில்

2020-இல் கொரோனா நிவாரணமாக அரசு அனுப்பிய 1,200 டாலரை அடுத்த ஆண்டு ரீஃபண்டில் (வரிக் கணக்கு முடிந்து திரும்பி வரும் தொகை) பிடித்துக்கொண்டார்கள் என்று இன்னமும் பலர் சொல்கிறார்களே, உண்மையா?

இல்லை. 2001-இல் 300 டாலர் காசோலை வந்தபோதும், 2008-இல் 600 டாலர் வந்தபோதும் இதே பேச்சு கிளம்பியது. மூன்றுக்கும் ஒரே விதிதான். அந்த ஆண்டின் வரிக் கிரெடிட்டை (வரியில் கழியும் சலுகைத் தொகை), பழைய ரிட்டர்னை (வருமான வரிப் படிவம்) வைத்து உத்தேசமாகப் போட்டு முன்பே அனுப்பினார்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது, குறைவாக வந்திருந்தால் மீதி கிடைத்தது. அதிகமாக வந்திருந்தால் திருப்பித் தர வேண்டியதில்லை.

2019-இல் 70,000 டாலர் சம்பாதித்த, குழந்தையில்லாத தனிநபர் ஒருவருக்கு 1,200 டாலர் வந்தது. 2020-இல் அவர் வருமானம் 1,00,000 ஆனது. அந்த வருமானத்துக்குத் தகுதியே கிடையாது, 99,000-த்தோடு அது முடிந்துவிடும். ஆனாலும் வந்த பணம் அவருடையதே. 2020-இல் குழந்தை பிறந்த, தகுதியுள்ள வீட்டுக்கோ ரிட்டர்னில் இந்தக் கிரெடிட்டைக் கேட்கும் லைன் 30-இல், முதல் தவணைக்கான 500-ம் இரண்டாம் தவணைக்கான 600-ம் சேர்த்து 1,100 டாலர் கூடுதலாகக் கிடைத்தது.

பிறகு ஏன் ரீஃபண்ட் குறைந்தது? கைக்கு வந்துவிட்ட தொகையை லைன் 30-இல் மறுபடியும் கேட்டவர்கள் ஏராளம். வரித்துறையான ஐஆர்எஸ் அதைக் கழித்துவிட்டு, சிபி-12 போன்ற நோட்டீஸ் அனுப்பியது. அந்தத் திருத்தத்தைத்தான் 'பிடித்தம்' என்று நினைத்துக்கொண்டார்கள்.

2021-இல் மாதாமாதம் குழந்தைக்குப் பணம் வந்தது. ஆனால் அந்த ஆண்டு ரீஃபண்ட் குறைந்துவிட்டது. அது மட்டும் ஏன்?

இது வேறு வகை. நாலு வயதுக் குழந்தைக்கு 2021-இல் முழுக் கிரெடிட் 3,600 டாலர். ஜூலை முதல் டிசம்பர் வரை 300 வீதம் 1,800 வந்துவிட்டதால் ரிட்டர்னில் மிச்சம் 1,800. முந்தைய ஆண்டு மொத்தமாக வந்தது 2,000. ரீஃபண்ட் 200 குறைந்தது, ஆனால் குழந்தைக்கான மொத்தத் தொகை 1,600 கூடியது.

கூடுதலாக வந்ததை இதில் திருப்பிக் கட்ட வேண்டும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. இன்னொரு சிக்கல்: கூட்டாகத் தாக்கல் செய்த கணவன், மனைவி இருவருக்கும், முன்பே வந்த தொகையைச் சொல்லும் 6419 கடிதம் தனித்தனியே வந்தது, ஒவ்வொன்றிலும் பாதித் தொகைதான். ஒரு கடிதத்தை மட்டும் பார்த்து 900 என்று எழுதியவர்களின் ரிட்டர்ன் திருத்தத்துக்குப் போய் ரீஃபண்ட் தாமதமானது.

ஹெச்-4 (சார்ந்திருப்போர்) விசாவில் இருந்த மனைவிக்கு, சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்களுக்குத் தரும் ஐடின் வரி எண்தான். 2020-இன் முதல் தவணை 1,200 டாலர் எங்கள் இருவருக்குமே வரவில்லை. இப்போது கேட்கலாமா?

முதல் சட்டப்படி, கூட்டு ரிட்டர்னில் ஒருவருக்கு ஐடின் என்றால் இருவருக்கும் இல்லை (ராணுவக் குடும்பங்கள் தவிர). நம் குடும்பங்கள் பலவற்றை இது கடுமையாகப் பாதித்தது. 2020 டிசம்பரில் சட்டத்தை முன்தேதியிட்டு மாற்றினார்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் உள்ளவர் தன் பங்கை 2020 ரிட்டர்னில் கேட்டிருக்கலாம். பொதுவான கெடு 2024 மே 17-உடன் முடிந்துவிட்டது. 2021-இல் வந்த அடுத்த நிவாரணமான 1,400 டாலருக்கான கெடுவும் 2025 ஏப்ரல் 15-உடன் போய்விட்டது.

எனக்கு மார்க்கெட்பிளேஸ் (அரசின் காப்பீட்டுச் சந்தை) மருத்துவக் காப்பீடு. மாதம் 400 டாலர் மானியம் நேரே கம்பெனிக்குப் போகிறது. வருமானம் 55,000 என்று கொடுத்திருந்தேன், 2026-இல் கூடிவிடும்போல. ரீஃபண்ட் என்னாகும்?

இன்று மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான். இதுவும் முன்பணமாக வரும் கிரெடிட், 8962 படிவத்தில் நேர்செய்தாக வேண்டும். 2025 வரை, வறுமைக்கோட்டின் நாலு மடங்குக்குள் வருமானம் இருந்தால் திருப்ப வேண்டிய தொகைக்கு உச்சவரம்பு இருந்தது. 2026 ஆண்டிலிருந்து அது இல்லை. நாலு மடங்கைத் தாண்டினால் மானியமே கிடையாது. தனிநபருக்கு அந்த எல்லை 62,600 டாலர், நால்வர் குடும்பத்துக்கு 1,28,600 (அலாஸ்கா, ஹவாய் தவிர). உங்கள் வருமானம் 62,700 ஆனால் 4,800 டாலரும் ரீஃபண்டில் கழியும், போதாவிட்டால் கையிலிருந்து கட்ட வேண்டும்.

பலர் மறப்பது ஊரில் உள்ள எஃப்டி வட்டி. என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியர் வங்கிக் கணக்கு) வட்டிக்கு இந்தியாவில் வரியில்லை, ஆனால் அமெரிக்கக் கணக்கில் அது வருமானம். ஊர் வீட்டு வாடகையையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள்.

வருமானம் கூடுவது தெரிந்தவுடன் மார்க்கெட்பிளேஸ் கணக்கில் திருத்திவிடுங்கள், மீதி மாதங்களின் மானியம் குறையும். எல்லையைச் சற்றே தாண்டுபவருக்கு இன்னொரு வழி உண்டு. சம்பாத்தியம் உள்ள, வேலையிடத்து ஓய்வூதியத் திட்டம் இல்லாத தனிநபர் ட்ரெடிஷனல் ஐஆர்ஏ என்ற ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் 2026-க்காக 7,500 டாலர் வரை (50 வயதுக்குக் கீழ்) 2027 ஏப்ரல் 15-க்குள் போடலாம். அந்தத் தொகை வருமானத்திலிருந்து கழியும்.

தாக்கல் செய்யுமுன் மார்க்கெட்பிளேஸ் அனுப்பும் 1095-ஏ படிவத்தின் பி பத்தியைப் பாருங்கள். அது மானியத்தைக் கணக்கிட அளவுகோலான, இரண்டாவது மலிவான சில்வர் திட்டத்தின் பிரீமியம். காப்பீடு இருந்த மாதத்தில் அது காலியாகவோ பூஜ்யமாகவோ இருந்தால் கிரெடிட்டும் பூஜ்யமாகி, முழு மானியத்தையும் திருப்பச் சொல்லும். சரியான தொகையை மார்க்கெட்பிளேஸில்தான் கேட்க வேண்டும், ஐஆர்எஸ்ஸிடம் அல்ல.