வாசலில் ஸ்வஸ்திக் மாட்டலாமா?

தம்பி, மெல்பர்னுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, அடுத்த வாரம் வாடகை வீட்டில் பால் காய்ச்சப் போகிறோம், அம்மா பித்தளையில் ஸ்வஸ்திக் தோரணம் கொடுத்து அனுப்பியிருக்கிறார், அதை வாசலில் மாட்டினால் போலீஸ் வருமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மனைவி வேண்டாம் என்கிறார். நீங்களோ, நம்ம சாமி சின்னத்துக்கு யாருக்குப் பயப்பட வேண்டும் என்கிறீர்கள். இரண்டு பேர் பக்கத்திலும் நான் நின்று பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

போலீஸ் வராது. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநில அரசு 2022 ஜூனில், ஸ்வஸ்திக் போலவே இருக்கும் ஹிட்லர் கட்சியின் நாஜிச் சின்னத்தைப் பொது இடத்தில் காட்டக் கூடாது என்று சட்டம் போட்டது. ஆஸ்திரேலிய மாநிலங்களில் இதுதான் முதல். மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அன்றைய கணக்கில் சுமார் 22,000 டாலர் வரை அபராதம். ஆனால் இந்துக்களும் பௌத்தர்களும் சமணர்களும் தங்கள் சமயத்துக்காக ஸ்வஸ்திக்கை வைத்துக்கொள்வது குற்றமில்லை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. தடை செய்த சின்னத்தைச் சட்டம் போட்டவர்கள் ‘ஹாக்கன்கிராய்ஸ்’ என்று ஜெர்மன் பெயரிலேயே குறிப்பிட்டார்கள். கொக்கிச் சிலுவை என்று அர்த்தம். ஹிட்லரின் ஆட்கள் அதை அப்படித்தான் அழைத்தார்கள். சட்டம் அந்த டிசம்பர் 29-ல்தான் அமலுக்கு வந்தது. நடுவில் இருந்த ஆறு மாதமும் இந்த வித்தியாசத்தை ஊருக்கு எடுத்துச் சொல்வதற்காக.

சரி, சட்டம் உங்கள் பக்கம். அடுத்த வீட்டுக்காரர் சட்டம் படித்துவிட்டா உங்கள் வாசலைக் கடந்து போவார்?

நான் இங்கே வந்த இரண்டாம் வருடம் புதுக் கார் வாங்கினோம். கோவிலில் பூஜை முடிந்ததும் பானெட்டில் மஞ்சள் குழைத்து, குங்குமம் வைத்து, என் கையாலேயே ஸ்வஸ்திக் போட்டேன். மறுநாள் அப்படியே ஆபீசுக்கு ஓட்டிப் போனேன். மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டு, யாரோ புகார் சொல்லியிருக்கிறார்கள், காரை ஒரு துணியால் துடைத்துவிட முடியுமா என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. வீட்டுக்குப் போய் ராத்திரி முழுக்கப் படித்துப் பக்கம் பக்கமாகப் பிரிண்ட் எடுத்தேன். சிந்து வெளி முத்திரைகளில் இது இருக்கிறது, கிரேக்கப் பானைகளில் இருக்கிறது, ஃபின்லாந்து விமானப்படை 1918-லிருந்தே வைத்திருந்தது, கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் முத்திரையே ஒரு காலத்தில் இதுதான் என்று ஒரு கட்டு.

புகார் சொன்னது யார் என்று அடுத்த நாள் தெரிந்தது. ஒரு வருடமாக என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிற பெண். அவளுடைய அம்மா போலந்தில் நாஜிகளின் வதை முகாமிலிருந்து தப்பிப் பிழைத்து, 1949-ல் கப்பலேறி வந்தவர். அம்மாவின் அண்ணன் தம்பிகளில் ஒருவர் கூட மிஞ்சவில்லை. அது என் கார் என்று தெரியாமலேதான் சொல்லியிருக்கிறாள். தெரிந்ததும் அவள்தான் முதலில் மன்னிப்புக் கேட்டாள். நான் அந்தக் கட்டை பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

இஸ்ரேலுக்கு வெளியே, நாஜிகளிடமிருந்து தப்பியவர்கள் அதிகமாகக் குடியேறிய நகரங்களில் மெல்பர்ன் ஒன்று. கால்ஃபீல்ட், செயின்ட் கில்டா கிழக்குப் பக்கமெல்லாம் அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். எல்ஸ்டர்ன்விக்கில் ஹோலோகாஸ்ட், அதாவது நாஜிகள் செய்த யூதப் படுகொலை பற்றிய அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, தப்பியவர்களே 1984-ல் தொடங்கியது. தோரணம் மாட்டுவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை அங்கே போய்வரச் சொல்லலாம் என்று நினைத்தேன். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், அதனால் வேறு நாள் பார்த்துப் போங்கள்.

இதற்காக நாம் வெட்கப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சோழர் கல்வெட்டுகள் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்றுதான் தொடங்கும். திருச்சி பக்கம் திருவெள்ளறையில் பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கிணறு ஒன்று ஸ்வஸ்திக் வடிவத்திலேயே இருக்கிறது, நான்கு பக்கமும் படி இறங்கும். ஆயிரத்து இருநூறு வருடம் தண்ணீர் நின்ற வடிவம். ஷ்லீமான் என்ற ஜெர்மானியர் 1870-களில் ட்ராய் நகரைத் தோண்டியபோது கிடைத்த இதே வடிவத்தை ‘ஆரிய’ அடையாளம் என்று அவர்கள் ஊரில் கொண்டாடினார்கள். 1920-ல் ஹிட்லர் கட்சி அதைக் கொடியில் வைத்தது, 1935-ல் அதுவே நாட்டுக் கொடியானது. பதினைந்து வருடத்தில் நடந்த திருட்டு. ஆனால் திருடன் அதை வைத்துச் செய்த கொலையும் அந்தப் பொருளோடு ஒட்டிக்கொண்டுதானே வரும்?

அப்புறம் ஒன்று. நம் ஆட்கள் அடிக்கடி சொல்வார்கள், நம்முடையது வலப்பக்கம் திரும்பும், அவனுடையது இடப்பக்கம் என்று. தப்பு. ஹிட்லருடையதும் வலப்பக்கம்தான். அவனுடையது பெரும்பாலும் சாய்ந்து நிற்கும், கறுப்பு, வெள்ளை வட்டத்துக்குள், சுற்றிலும் சிவப்பு. நம்முடையது நேராக உட்கார்ந்திருக்கும், நடுவில் நாலு புள்ளி. அதிலும், அவன் சொந்தக் கொடியில் சாயாமல் நேராகவே வைத்திருந்தான். ஆகவே தயவுசெய்து யாரிடமும் கோணத்தை வைத்து வாதாடாதீர்கள், தோற்றுப்போவீர்கள்.

நான் கண்டவரை, இந்தச் சின்னம் திரும்பி வருவது முகத்துக்கு முகம் பேசும்போதுதான். 2008-ல் ஜெருசலேமில் இந்து, யூதத் தலைவர்கள் கூடி, ஸ்வஸ்திக் இந்துக்களின் பழமையான மங்கலச் சின்னம் என்று அறிக்கையே விட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் தெருவில் நடந்துபோகிற கிழவருக்கு அந்த அறிக்கையும் தெரியாது, நீங்கள் யார் என்றும் தெரியாது. வெளிவாசலில் சின்னம் தனியாக நிற்கும், விளக்கம் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். அதனால் தோரணம் பூஜை அலமாரிக்கு மேலே. வருகிறவர் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி, காப்பி குடித்துவிட்டுப் பார்க்கட்டும். வெளியே ஒரு கோலம் போதும். உண்மையைச் சொன்னால் நம் பக்கம் வாசலுக்கு என்றைக்கும் அதுதானே?

எங்கள் வீட்டில் அப்படித்தான் வைத்தோம். அந்தத் தோழி ஒரு வருடம் கொலுவுக்கு வந்தாள். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாலு புள்ளி எதற்கு என்று கேட்டாள். வேதம் என்று என் மாமியார் சொன்னார், அறம் பொருள் இன்பம் வீடு என்று நான் சொன்னேன், எங்களுக்குள்ளேயே சண்டை வந்துவிட்டது. அவளுக்கு இன்றைக்கும் அது பிடிக்காது. ஆனாலும் வருகிறாள்.

பையன் பள்ளியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஸ்வஸ்திக் போட்டுத் தீபாவளிப் படம் வரைந்து எடுத்துப் போகிறான் என்றால் டீச்சருக்கு முன்கூட்டியே இரண்டு வரி எழுதிவிடுங்கள். என் மகள் வரைந்தபோது நான் எழுதவில்லை. அன்று சாயங்காலம் அவள் அழுதுகொண்டு வந்தாள். மறுநாள் நான் போய்ப் பேசியதும் டீச்சர் புரிந்துகொண்டார். அவளோ அதன் பிறகு பள்ளியில் மயில் மட்டும்தான் வரைந்தாள்.

உங்கள் மனைவியிடம் அக்கா அவர் கட்சி என்று சொல்லுங்கள். பால் காய்ச்சும் நாள் ஞாயிறு என்றால் நானும் வருகிறேன். தோரணம் மாட்டச் செங்கல் சுவரில் ஆணி அடிப்பதாக இருந்தால் மட்டும் ஏஜென்ட்டிடம் முதலிலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள். நீங்கள் பயந்த போலீஸ் வராது, அந்த ஆணிக்கு ஏஜென்ட் கட்டாயம் வருவார்.